பஞ்சு வயிறு

"இன்னும் ஒரு பிடி பஞ்சு வை. ஏழாம் மாசத்து வயிறு இப்படியா தட்டையா இருக்கும்?" என்றாள் மாமியார்.

தையல்காரி மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு உறைக்குள் பஞ்சைத் திணித்தாள். ஊருக்கெல்லாம் உடுப்புத் தைத்த கை, தனக்கே ஒரு பொய் வயிறு தைக்க வேண்டி வந்ததே, என்ன கொடுமை! மூன்று தடவை வைத்த கருவும் அவளிடம் தங்கவில்லை. அவளும் கணவனும் தந்த கருவை இப்போது சுமப்பவள் நாத்தனார். ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவள், "அழாதேடி, நான் சுமக்கிறேன்" என்று தானாக முன்வந்தவள். ஆனால் புருஷனை இழந்தவள் வயிறும் பிள்ளையுமாக நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அந்த நாலு பேருக்குப் பயந்துதான் மாமியார் பெற்ற மகளையே பின்னறையில் ஒளித்து வைத்திருந்தாள்.

அன்று மாமியாரின் அக்கா குடும்பத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். காபி கொண்டுவந்த தையல்காரியை ஏற இறங்கப் பார்த்து, "வயிறு கூர்மையா இருக்கு, பையன்தான்!" என்று பஞ்சுக்கு ஜோசியம் சொன்னாள்.

பின்னறையில் நாத்தனார் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். "கண்ணு மங்குதுடி. தலை வெடிக்குது."

இப்படி வந்தால் உடனே கூட்டி வரச் சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. தையல்காரி ஓடிப்போய் மாமியாரை அழைத்துவந்தாள்.

"கூடத்து வழியாத்தானே போகணும்? அவங்க கிளம்பட்டும். அதுக்குள்ள என்ன குடியா முழுகிடப் போகுது?"

"முழுகப் போறது உங்க பொண்ணு அத்தை!"

அவ்வளவுதான். இடுப்பு நாடாவை அறுத்துப் பஞ்சு வயிற்றைக் கட்டிலில் வீசினாள். நாத்தனாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேரே கூடத்துக்குள் நடந்தாள்.

"என்னங்க, வண்டியை எடுங்க!"

விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்த கணவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு துவண்டு நின்ற தன் அக்காவைப் பார்த்தான். எழுந்துவிட்டான்.

"மானம் போச்சே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, உனக்கு எப்படிடி வயிறு? யாரோடது இது?" என்று நாத்தனாரைப் பார்த்துக் கத்தினாள் மாமியாரின் அக்கா.

வாசற்படியில் நாத்தனார் நின்றாள். நிற்கவே தெம்பில்லை, ஆனாலும் திரும்பினாள்.

"கரு என் தம்பியோடதும் இவளோடதும், பெரியம்மா. வயிறு என்னோடது. வெட்கம் மட்டும்தான் ஆளில்லாம கிடக்கு. வேணும்னா நீங்க எடுத்துக்கோங்க."