கடைக்குப் பின்னால் இல்லாத மலை

அந்தப் பெண் மடியிலிருந்து படத்தை எடுத்தபோதே ஷிகேவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த வருஷத்தில் இது எத்தனையாவது ஆளோ.

எடோ நகரத்து ஓவியன் ஒருவன் நெடுஞ்சாலை ஊர்களையெல்லாம் வரைந்துவிட்டுப் போயிருந்தான். அவற்றை மரக்கட்டையில் செதுக்கி, வண்ணம் ஏற்றி, அச்சடித்து விற்றார்கள். ஒரு தாளில் ஷிகே நடத்தும் இந்தக் கணவாய்த் தேநீர்க் கடை. கூரை, பெஞ்சு, விற்பனைக்குத் தொங்கும் வைக்கோல் செருப்புகள் எல்லாம் அச்சு அசல். ஆனால் கடைக்குப் பின்னால், பனித்தொப்பியோடு ஃபூஜி மலை. உண்மையில் அங்கே இருந்தது ஒரு குன்றும் தேவதாரு மரங்களும்தான். படத்தோடு வந்தவர்கள், ஷிகேதான் மலையைத் தூக்கி ஒளித்துவைத்ததுபோல் ஏசிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

அதனால் அவள் புருஷன் யாசுகே முந்திக்கொண்டான். "இன்னிக்கி மேகம் மறைச்சிருச்சும்மா. என்ன பண்றது."

காலையிலிருந்து தூறல். பொய் எடுபட்டது.

"அதுக்கென்ன, கலையிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றாள் அவள்.

பெயர் தொமே. ஊர் காக்கேகாவா. கால் கொப்புளித்துவிட்டதால், கூட வந்த அக்கம்பக்கத்தார் அவளை இங்கே விட்டுவிட்டு, ஃபுச்சூ கோவிலுக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்புவதாகக் கிளம்பினார்கள். அவள் புருஷன் நாலு வருஷமாகப் படுத்த படுக்கை. தலைமாட்டில் ஒட்டியிருந்த படத்தை அவரே கிழியாமல் உரித்து, "பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லு" என்று கொடுத்தனுப்பியிருந்தார். இதைக் கேட்டதும் ஷிகே உள்ளே போய் அவளுக்குப் படுக்கை விரித்தாள்.

மறுநாள் விடிந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பொட்டு மேகம் இல்லை. தொமே பெஞ்சில் உட்கார்ந்து, குன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னடி சொல்றது?" என்று அடுப்படியில் கிசுகிசுத்தான் யாசுகே.

"நீங்க கூட்டிவந்த மேகம். நீங்களே கலைச்சு விடுங்க."

விறகு வெட்டவேண்டும் என்று அவன் கொல்லைப்பக்கம் நழுவினான். உச்சிப்பொழுதுவரை ஷிகே நாலு முறை தேநீர் ஊற்றினாள். ஐந்தாம் முறை கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இங்கேருந்து மலை தெரியாது. என்னிக்குமே தெரிஞ்சதில்ல."

"தெரியும்மா. நேத்து சாயங்காலமே, இங்க தேநீர் குடிக்க வந்த குதிரைக்காரர் ஒருத்தர் சொல்லிட்டார்."

"அப்புறம் எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?"

தொமே கோப்பையை உள்ளங்கையில் மெல்ல உருட்டினாள். "நாலு வருஷமா, கூப்பிட்ட குரலுக்கு எந்திரிச்சிட்டே இருக்கேன். பாவம், அவர் மேல குத்தமில்ல. இங்க வந்து ஒரு ராத்திரி, அரைப் பகல். என்னை யாரும் கூப்பிடல. மலையப் பாக்கக் காத்திருக்கேன்னு சொன்னா, சும்மா உக்காந்திருக்காளேன்னு யாரும் பேச மாட்டாங்கல்ல."

"வீட்டுக்குப் போய் அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"அதத்தான் யோசிக்கிறேன். இன்னும் ஒரு நாள் இருக்கே." சற்று நகர்ந்து இடம் விட்டாள். "நீயும் உக்காரேன்."

பத்தொன்பது வருஷமாக அந்தப் பெஞ்சைத் துடைத்திருக்கிறாள் ஷிகே. வாடிக்கையாளர்போல அதில் உட்கார்ந்ததில்லை. ஓரத்தில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்க்கையில் குன்று இத்தனை உயரமா என்றிருந்தது. நேற்றைய ஈரம் தேவதாருக்களுக்கு நடுவே ஆவியாகிக்கொண்டிருந்தது. பருந்து ஒன்று சிறகசைக்காமல் சுற்றியது.

கொல்லையிலிருந்து யாசுகேயின் குரல் வந்தது. "ஏய், இங்க வா!"

ஷிகே அசைவதற்குள், கோப்பையை வைத்துவிட்டு, முந்தியெழுந்து நின்றுகொண்டிருந்தாள் தொமே.