பாலத்தில் ஓர் இடம்

முடிச்சூருக்குக் குடிவந்த மாதமே ஷ்யாம்சுந்தர் கார் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தேங்கும் பகுதி என்பதால் என்ஜினுக்குத் தனியாகக் காப்பீடு எடுப்பது நல்லது, நாலாயிரம் கூடுதலாகும் என்றார் ஏஜென்ட். வீடு மாறிய செலவில் ஏற்கெனவே நொந்திருந்தவர், "அதே கார், அதே நான். வீடு மாறினதுக்கு அபராதமா?" என்று மறுத்துவிட்டார்.

ஐப்பசியில் கனமழை எச்சரிக்கை வந்தது. காரை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அவர் வாசலில் நின்றபோது, எதிர்வீட்டுத் தோத்தாத்ரி தம் காரைக் கிளப்பினார்.

"என்ன சார் வேடிக்கை பாக்கறீங்க? சாவியை எடுத்துகிட்டு என் பின்னாடியே வாங்க."

பெருங்களத்தூர் மேம்பாலத்தின் ஓரத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில், அவர்கள் தெருக் கார்கள் வரிசையாக நின்றிருந்தன; பக்கத்திலேயே தெருக்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டே இடங்கள் காலி. ஒன்றில் தோத்தாத்ரி நிறுத்தினார். ஷ்யாம்சுந்தர் தயங்கினார்.

"நிறுத்துங்க சார். உங்க வீட்ல முன்ன இருந்தவரோட எடம் அது. வீட்டோட சேர்ந்து உங்களுக்கு வந்தாச்சு."

"இதுக்கு எவ்ளோ பிரீமியம்?"

"கீழ போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க, போதும்."

ஷ்யாம்சுந்தர் சிரித்துக்கொண்டே நடந்தார். எத்தனை டீ என்று கேட்கத் திரும்பியபோது, பாலத்தின் சரிவில் கார் உருளாமலிருக்க அவருடைய டயருக்கும் தோத்தாத்ரி கல் வைத்துக்கொண்டிருந்தார்.