பின்னால் வந்தவர்கள்

குவைத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய சகாபுதீனுக்கு அருப்புக்கோட்டையில் பொழுது போவதே பெரும்பாடாக இருந்தது. உடம்பில் சர்க்கரை வேறு. வீட்டுக்குள்ளேயே கிடந்தவரைச் சைக்கிள் வாங்க வைத்து வெளியே இழுத்தவர் மருதுபாண்டி. பந்தல்குடிப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவர்; பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. மருதுபாண்டியோடு ஏற்கெனவே நாலு பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். சகாபுதீன் ஆறாவது ஆள். இத்தனை வருசம் கழித்து ஊரில் தனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்ற தெம்பு அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்தது.

ஆவணிக் கடைசியில் ரத்ததானத்தைப் பற்றி ஊர் ஊராகச் சொல்ல ஒரு நெடும்பயணம் ஏற்பாடானது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, மல்லாங்கிணறு என்று நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஒரு சுற்று. பாளையம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் முடிவு. அங்கே ஊர் வியாபாரிகள் கூடிப் பொன்னாடை போர்த்தி விருந்து வைப்பதாகப் பேச்சு.

கிளம்பும்போது வானம் மூடிக் குளுகுளுவென்றிருந்தது. சிரித்துப் பேசிக்கொண்டே திருச்சுழியைத் தாண்டிவிட்டார்கள். நரிக்குடியில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மேகம் ஓடிப்போய் வெயில் மண்டையைப் பிளந்தது. மேற்கே திரும்பினால் எதிர்க்காற்று. விதைப்புக்கு உழுது போட்டிருந்த கரிசலிலிருந்து புழுதி கிளம்பிக் கண்ணை அடைத்தது. செல்போன் கடை அழகுராஜா இரண்டு தடவை இறங்கி உட்கார்ந்துவிட்டான். மருதுபாண்டிக்கும் கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டது.

"நீ முன்னால போலே. ஒன் முதுக மறைப்பா வச்சு நாங்க ஒட்டிக்கிட்டு வாரோம்" என்றார்.

காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு சகாபுதீன் முன்னால் போனார். அதில் அவருக்குப் பெருமைதான். தொடை எரிந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. காரியாபட்டி தாண்டியதும் வானம் கறுத்து இடி உருண்டது. மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கும்படியும், தாங்கள் பின்னாலேயே வந்துவிடுவதாகவும் மருதுபாண்டி சத்தம் போட்டுச் சொன்னார்.

சகாபுதீன் பஸ் ஸ்டாப்புக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. சாரலுக்கு ஒதுங்கி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் போனது. தார்ப்பாய் இழுத்துக் கட்டிய லோடு வண்டி ஒன்று சேற்றுத் தண்ணீரை அவர்மேல் வாரி அடித்துவிட்டுப் போனது. சைக்கிள் ஒன்றுகூட வரவில்லை. மருதுபாண்டிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார். ஒவ்வொரு மின்னலுக்கும் ரோட்டை எட்டிப் பார்த்தார். கால் பிடித்துக்கொண்ட மனுசன், வழுக்குகிற ரோடு, கண் தெரியாமல் வருகிற லாரி. யா அல்லா, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று சைக்கிளைத் திருப்பிக் கொட்டுகிற மழையில் வந்த வழியே மிதித்தார்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரி குருவம்மாளிடம், அஞ்சு பேர் சைக்கிளில் வந்தார்களா, யாருக்கும் அடி கிடி பட்டதா என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"அடியெல்லாம் இல்லண்ணே. இங்கனதான் டீ குடிச்சாக. போன் போட்டு லோடு வண்டிய வரச்சொல்லி, சைக்கிளையும் ஏத்திக்கிட்டு அப்பவே போயிட்டாகளே."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, தன்மேல் சேற்றை அடித்துவிட்டுப் போன தார்ப்பாய் வண்டி கண்முன் வந்தது. அந்தம்மா நீட்டிய டீயை வாங்காமலே திரும்பினார்.

மழை விட்டு, ஈர ரோட்டில் வெயில் கூசியது. பாளையம்பட்டி மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே நுழைந்ததும் வியாபாரிகளில் பெரியவர் ஒருவர் பதறி எழுந்து வந்து கையைப் பிடித்தார். "இப்ப ஒடம்பு தேவலையா பாய்? சுகர் கூடிப் பாதியிலயே பஸ் ஏறிட்டீகன்னு மருதுபாண்டி சொன்னாரு. வந்து பேருக்கு ஒரு பொன்னாடையப் போட்டுக்கங்க."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு மருதுபாண்டியைப் பார்த்தார். ஐந்து பேர் தோளிலும் பொன்னாடை இருந்தது. அழகுராஜா இலையைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. மருதுபாண்டி எச்சில் கையோடு எழுந்து வந்து, அவரைக் கை கழுவுமிடத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போனார்.

"ஒன்னய பஸ் ஸ்டாப்புல பாத்தோம்லே. நிப்பாட்டினா நீ ஏற மாட்டே. நாங்க வண்டில வந்தத இங்க வந்து மறைக்கவும் மாட்டே. எல்லாருக்கும் அசிங்கமாப் போகும்ல?"

"போன் அடிச்சது கேட்டுச்சா?"

மருதுபாண்டி குழாயைத் திறந்து கையைக் கழுவினார்.

"செத்துக் கித்துப் போயிட்டியோன்னு ஒன்னயத் தேடித் திரும்பிப் போனேன்லே" என்றார் சகாபுதீன். அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

வீட்டு வாசலில் மனைவி ஷம்சாத் பேகம் கோபத்தோடு நின்றிருந்தார். பொய் அதற்குள் வீடு வந்து சேர்ந்திருந்தது. முடியாத உடம்போடு எதற்கு இந்த வேலை, பஸ்ஸில் ஏறியவர் நேரே வீட்டுக்கு வரவேண்டியதுதானே என்று கடிந்துகொண்டார். தலை முதல் கால்வரை சேறாக நிற்கிறவரைப் பார்த்தும் தன் மனைவியே அதை நம்பியதுதான் சகாபுதீனுக்குத் தாங்கவில்லை. நடந்ததைச் சொல்லி முடித்ததும், இப்போதே போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று ஷம்சாத் பேகம் கிளம்பினார். சகாபுதீன் விடவில்லை. கேட்டால் மண்டபத்தில் சொன்ன பதிலைத்தான் மறுபடி சொல்வான் என்றார்.

இரண்டு நாள் கழித்து மருதுபாண்டி ஒரு பை நிறைய வெள்ளரிக்காயோடு வந்தார். ஷம்சாத் பேகம் முகம் கொடுக்காமல் டீயை வைத்துவிட்டுப் போனார். மழை நல்ல மழை, விதைக்கலாம் என்றெல்லாம் மருதுபாண்டி பேச, சகாபுதீன் மரியாதையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். டீ முடிந்தும் மருதுபாண்டி எழுந்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வாரியாலே?"

"இல்ல. நீங்க போயிட்டு வாங்க" என்றார் சகாபுதீன்.