பென்ஃபோல்டு கல்லறையில் கடைசி இடம்

பென்ஃபோல்டு குடும்பத்தின் கல்பெட்டிக் கல்லறை தேவாலயத்தின் தெற்கு வாசலை ஒட்டி, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு கிராமமே பொறாமைப்படும்படி உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது. பிணங்கள் எல்லாம் அதற்குக் கீழே, செங்கல் அறையில் அடுக்கடுக்காக. அந்த அறையில் இனி ஒரே ஒரு சவப்பெட்டிக்குத்தான் இடம். அங்கே தன் புருஷன் நதானியேலைப் படுக்க வைத்தே தீருவதென்று ஹெஸ்டர் சவப்பெட்டியோடு வந்திருந்தாள்.

நதானியேல் ஆலைக்குளத்தில் மூழ்கிச் செத்தவன். கால் வழுக்கியது என்று விசாரணையில் தீர்ப்பாகிவிட்டது. ஊர் வாய் கேட்குமா? தானாகக் குதித்தவன் என்றது. அப்படிச் செத்தவனை வடக்குப் பக்கம், காஞ்சொறிச் செடிகளுக்குள் புதைப்பதுதான் அங்கே வழக்கம். வடக்கே போனால் அவன் பெயரும் நாறிப்போகும், பிள்ளைகள் பெயரும் நாறிப்போகும்.

வெட்டியான் ஜோப் பக்கவாட்டுக் கல்லைப் பெயர்த்து முடித்த நேரம், நதானியேலின் அண்ணன் ரேல்ஃப் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நிறுத்துடா! அது என் இடம். மூத்தவன் நான் இருக்கேன்ல?"

"நீங்க இன்னும் சாகலையே! செத்தவருக்கு வழிய விடுங்க," என்றாள் ஹெஸ்டர்.

"குளத்துல குதிச்ச கோழைக்கு எங்கப்பா பக்கத்துல இடமா? வடக்க தூக்கிட்டுப் போடி!"

ஜோப் குறுக்கே வந்தான். ரேல்ஃப் விட்ட குத்தில் அவன் முன்பற்கள் புல்லில் தெறித்தன. "ஐயோ, கோயில் வளாகம்யா இது!" என்று பாதிரியார் கத்தினார். அடுத்த உதை சவப்பெட்டிக்கு. பலகை பிளந்து நதானியேலின் ஊதிய கை வெளியே விழுந்தது. சண்டாளன், அந்தக் கையையும் பூட்ஸ் காலால் மிதித்தான்.

ஹெஸ்டருக்கு வெறி ஏறியது. ஜோப்பின் கடப்பாரையை எடுத்தாள். முதல் அடி ரேல்ஃபின் தோளில், எலும்பு முறிந்தது. "வேணாம்டி!" என்று அவன் கல்லறையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த அடி மண்டையில். முன்னோர் பெயர்கள் மேல் ரத்தம் வழிந்தது. அதற்குப் பிறகும் அடித்தாள். நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் கை ஓய்ந்தது.

"இப்ப யாரு தடுப்பா? இறக்குங்க என் புருஷனை!"

பாதிரியார் ரேல்ஃபின் கண்களை மூடிவிட்டு நிமிர்ந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"பாவி மகளே, அவரு உசுரோட இருந்திருந்தா நான் பேசிச் சமாதானம் பண்ணியிருப்பேனே! இப்ப செத்துட்டாரும்மா. குடும்பத்துக்கு மூத்தவர். இனி அந்த இடம் அவருக்குத்தான்."

ஜோப் ரத்த வாயைத் துடைத்துக்கொண்டு, பிளந்த பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினான். ஹெஸ்டர் அந்த நாலு பேர் பிடிக்குள் திமிறினாள், அலறினாள். அவர்கள் நதானியேலை வடக்கே கொண்டுபோனார்கள்.