பாம்புத் தையல்

வார இறுதியை அப்பா வீட்டில் கழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் பைக்கிலிருந்து இறங்கியவள் என் மகள்தான் என்று மனசில் படுவதற்கு முன்னால், அவள் போட்டிருந்த கவுனின் தையல் கோணலாக இருக்கிறது என்பதுதான் என் கண்ணில் பட்டது. தொழில் புத்தி, வேறென்ன சொல்வது. நீலத் துணி. நெஞ்சுக்கு நேராக இரண்டு துண்டுகளைச் சேர்த்து, மேலிருந்து கீழே வெள்ளை நூலில் ஒரு தையல் ஓட்டியிருந்தது. நேராக வந்திருக்க வேண்டியது, குடித்துவிட்டு வீடு தேடுகிறவன் மாதிரி இடது பக்கம் போய், வலது பக்கம் போய், இடுப்புக்கு மேலே ஓர் இடத்தில் ஒரேயடியாக விலகி ஓடி, பிறகு ஞாபகம் வந்ததுபோல வழிக்குத் திரும்பியிருந்தது. கீழே வைத்த நெட் ஒரு பக்கம் புசுபுசுவென்றும் மறுபக்கம் சப்பையாகவும் தொங்கியது. தலையில் அட்டைக் கிரீடம். அதில் சாக்லேட் சுற்றி வரும் தங்கக் காகிதத்தை நீவி நீவி ஒட்டியிருந்தார்கள்.

"அம்மா, இளவரசி வந்தாச்சு! சித்தி தச்சாங்க!"

சித்தி. அவள் அப்பா மறுபடி கட்டிக்கொண்ட பெண்ணை எப்படிக் கூப்பிடுவது என்று குழந்தை கேட்டபோது, சித்தி என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பெருந்தன்மை! அந்தப் பெருந்தன்மையைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும்.

பிரிந்துபோன மனிதரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் குழந்தையிடம்தான் சொல்லுவேன். "ஏண்டி, இது என்ன துணின்னு அப்பாகிட்ட கேளு."

"ஜன்னல் ஸ்கிரீன் வாங்கினதுல மிச்சம் இருந்துச்சு. அவ யாரோட மெஷினையோ இரவல் வாங்கி, முதல் தடவையா உக்காந்து தச்சா. ரெண்டு வாரமா அதே வேலை. எப்படி இருக்கு?" என்றார். முகமெல்லாம் பெருமை. பதினொரு வருஷமாக நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். நான் தைத்ததைப் பார்த்து இந்த மனிதர் ஒரு நாளாவது எப்படி இருக்கு என்று யாரிடமாவது கேட்டிருப்பாரா?

"காத்தோட்டமா இருக்கும்னு சொல்லு" என்றேன் குழந்தையிடம். அவர் சிரித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினார். நான் கேலி செய்கிறேன் என்பதுகூட அந்த ஆளுக்கு உறைக்காது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். முன்னறைதான் கடை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தைக்கிறேன். வருஷத்தில் இந்த மாதம் மட்டும் முழுக்க இளவரசிகள்தான், ஏனென்றால் மகளுடைய பள்ளியில் மாறுவேடப் போட்டி வரும். ரோஸ் இளவரசி, மஞ்சள் இளவரசி, இறக்கை வைத்த இளவரசி, ஒரு வருஷம் ஒரு பையனுக்கு மீசை வைத்த இளவரசி. மேடையில் வந்து நிற்கிற குழந்தைகளில் பாதிப் பேர் என் மெஷினிலிருந்து இறங்கி வந்தவர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் ஒருத்தர் காதை ஒருத்தர் கடிப்பார்கள்: இவங்ககிட்டத்தான் குடுத்தேன், கை சுத்தம். வருகிற புதன்கிழமை அதே மேடையில் என் மகள் ஜன்னல் ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு நிற்பாளா? அதுவும் அந்தச் சித்தி தைத்ததை?

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. அலமாரியில் ஒரு கவுன் தயாராகத் தொங்கியது. சேட்டின் துணி, விடிகாலை வானத்தின் ரோஸ் நிறம். நெட்டை அடுக்கடுக்காகச் சுருக்கி வைத்து, கழுத்தைச் சுற்றி முத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்திருந்தேன். புதன்கிழமை காலையில் எடுத்து நீட்டி அவள் வாய் பிளப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதுவரை பொறுக்க முடியவில்லை. நீலக் கவுனைக் கழற்றாமலே சாப்பிட்டு, கழற்றாமலே படுக்கப் போனவளை நிறுத்தி, அலமாரியைத் திறந்து காட்டினேன்.

கண்ணை விரித்துப் பார்த்தாள். முத்தை ஒரு விரலால் தொட்டாள். "சூப்பரா இருக்கும்மா. யாரோடது?"

யாரோடது! அவள் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் அழகாகத் தொங்கும் துணியெல்லாம் வேறு யாருடையதோதான். தொடாதே, அழுக்காகிவிடும், கஸ்டமருடையது என்று நானே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறேன். இது உனக்குத்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவள் ஒரு கையால் அந்தக் கோணல் தையலைத் தடவிக்கொண்டேதான் என்னிடம் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு பாப்பாவோடது" என்றேன். அலமாரியை மூடினேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது நீலக் கவுனை மடித்து எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். மெஷினைச் சுற்றித் தரையில் ஒரு கோடு இருக்கும். துணியில் குறி போடும் சாக்பீஸால் நான் போட்டது. தவழுகிற வயதில் ஊசியை நோக்கி ஒரே பாய்ச்சலாக வருவாள் என்று போட்டேன். அழிய அழிய இன்றைக்கு வரைக்கும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், இன்னமும் கோட்டைத் தாண்ட மாட்டாள். கோட்டின் மேல் கட்டைவிரல்களை வைத்து நின்றுகொண்டு கவுனை நீட்டினாள்.

"கைகிட்ட பிரிஞ்சிருச்சும்மா. ஆடும்போது டர்ருனு கேட்டுச்சு. அதை மட்டும் தச்சு வை. வேற எதையும் தொடாத."

"சரி மகாராணி."

"சத்தியமா?"

"போடி, பஸ் போயிடும்."

என் கடையில் ஓர் அக்கா வேலை செய்கிறார். கொக்கி, பட்டன், ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கொக்கி அக்கா என்றால்தான் தெருவில் தெரியும். வாயும் கொக்கிதான், எதையாவது மாட்டி இழுத்துவிடும். அவர் எதிரில்தான் கவுனை உள்பக்கம் வெளியே திருப்பினேன். நன்றாகச் சிரிக்கலாம் என்று.

சிரிப்பு வரவில்லை. நெட் உடம்பில் படுகிற இடத்தில், இடுப்பைச் சுற்றி, பழைய பனியன் துணியில் ஒரு பட்டை வைத்துக் கையால் தைத்திருந்தது. என் மகளுக்கு நெட் ஆகாது. இடுப்பில் பட்டால் சிவந்து சிவந்து தடிக்கும். அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் ரோஸ் கவுனில் அந்தப் பட்டையை நான் வைக்கவில்லை. வைத்தால் இடுப்பு தடித்துத் தெரியும், வடிவு போய்விடும். அரை மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்வாள் என்று விட்டிருந்தேன். யாருடைய பனியன் என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

"அட, உள்ள எவ்வளவு துணி விட்டிருக்கா பாரேன்" என்றார் கொக்கி அக்கா, நடுத்தையலின் இருபுறமும் விரலை வைத்து அளந்து. "நாலு விரக்கடை. பிரிச்சுப் பிரிச்சுப் பெருசாக்கலாம். இன்னும் மூணு வருஷத்துக்குப் பொண்ணு போடுவா. விவரமான ஆளுதான்."

மூன்று வருஷம்! வாடிக்கையாளர்களுக்கு நான் அப்படித்தான் விடுவேன், வளருகிற குழந்தை ஆயிற்றே என்று. என் மகளின் கவுனை இந்தப் புதன்கிழமைக்கு என்று அளவெடுத்துப் பிடித்துத் தைத்திருந்தேன். அங்கே ஒருத்தி, மெஷினில் நூல் கோக்கத் தெரியாதவள், என் மகளின் அடுத்த வருஷத்துக்கும் அதற்கடுத்த வருஷத்துக்கும் துணி விட்டு வைத்திருக்கிறாள். யார் கேட்டது? வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தொப்புளுக்கு மேலே எரிந்தது.

"பிளேடை எடுங்கக்கா" என்றேன்.

"கைப்பக்கம் மட்டும்தானே விட்டிருக்கு?"

"தைக்கிறதுன்னு ஆயிடுச்சு, ஒழுங்காத்தான் தைப்போமே. புதன்கிழமை மேடையில பாத்தா என் வேலைன்னுதானே நினைப்பாங்க?"

நடுத்தையலை மேலிருந்து கீழே பிரித்தேன். பிளேடு நுனி பட்டதும் வெள்ளை நூல் பட்பட்டென்று விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தம் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இஸ்திரி போட்டேன். சாக்பீஸால் கோடிழுத்தேன். அதே வெள்ளை நூலில், மூச்சுவிடாமல், கழுத்திலிருந்து கால் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டினேன். ஸ்கேல் வைத்தாலும் குறை சொல்ல முடியாது. கைப்பக்கத்தையும் தைத்தேன், நெட்டின் சுருக்கத்தையும் சமமாக்கினேன். பனியன் பட்டையில் மட்டும் கை வைக்க மனசு வரவில்லை. கொக்கி அக்கா தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

பள்ளி விட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல் கோட்டில் வந்து நின்றாள். நான் கவுனை நீட்டினேன். நெஞ்சோடு வைத்துப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே விரலை வைத்து, தையலின் மேலேயே மெதுவாக இறங்கினாள். இடுப்புக்கு மேலே வந்ததும் விரல் தானாக வலது பக்கம் போனது. அங்கே தையல் இல்லை. மறுபடி மேலே போய் ஆரம்பித்தாள்.

"பாம்பு எங்கம்மா?"

"எந்தப் பாம்பு?"

"இங்க இருந்த பாம்பு. நான் ஓட்டினது."

"நீ ஓட்டினதா?"

"ஆமா. சித்தி மடியில உக்காந்து. அவங்க காலால மிதிப்பாங்க, நான் துணியைப் பிடிச்சுத் திருப்புவேன். இங்க பூனை ஜன்னல்ல குதிச்சுச்சு, அதான் வளைஞ்சுச்சு. இங்க நான் சிரிச்சுட்டேன். இங்க சித்தி தும்மிட்டாங்க." சொல்லும்போதே நேரான தையலின் மேல் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினாள். "பிரிச்சுடலாமான்னு கேட்டாங்க. நான் வேணாம்னேன். பாம்பு அழகா இருக்குன்னு அவங்களும் சொன்னாங்க."

கத்தியிருந்தால், காலை உதைத்து அழுதிருந்தால், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்த வழி அது. அவள் அழவில்லை. கவுனை நான் எப்படிக் கொடுத்தேனோ அப்படியே மடித்துக் கோட்டுக்கு உள்ளே, என் பக்கம், தரையில் வைத்தாள். கஸ்டமர் துணியை வைப்பதுபோல வைத்தாள்.

கொக்கி அக்கா ஒரு பட்டனை எடுத்து வைத்துக்கொண்டார்.

அவளை என் மடியில் உட்கார வைத்து நான் ஓர் அங்குலமாவது தைத்திருக்கிறேனா? தள்ளிப் போ, ஊசி குத்திடும், அம்மாவுக்கு வேலை இருக்கு. அங்கே போய் ஒருத்தியின் மடியில் உட்கார்ந்து அரை அடிக்கு ஒரு தடவை சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் காலையில் பிளேடு போட்டுப் பிரித்திருக்கிறேன். இதமாக இருந்தது என்று வேறு சொன்னேனே, என்னை எதால் அடிப்பது!

குனிந்து கவுனை எடுத்தேன். பிளேடை எடுத்தேன். நான் போட்ட தையல் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தனை நெருக்கமாகப் போட்டிருந்தேன். ஒவ்வொரு கண்ணியாக நெம்பி நெம்பிப் பிரிக்க வேண்டியிருந்தது. அவள் கோட்டில் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரித்து முடித்து, பாபினில் நூலைச் சரிபார்த்து, ஸ்டூலைப் பின்னால் தள்ளினேன்.

"வா."

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். "கோட்டைத் தாண்டியா?"

"தாண்டித்தான்."

ஒரு காலை உள்ளே வைத்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்னொரு காலை வைத்தாள். மடியில் ஏறி உட்கார்ந்தபோது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? தலையில் அந்த வீட்டு ஷாம்பூ வாசனை. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"விரல் ஊசிகிட்ட போகாம பாத்துக்க."

"தெரியும்மா. சித்தி சொல்லியிருக்காங்க."

மெதுவாக மிதித்தேன். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் துணியின் மேல் பரந்திருந்தன. கொஞ்ச தூரம் நேராகப் போனது. "பூனை" என்று சொல்லி இடது பக்கம் இழுத்தாள். வெள்ளை நூல் வளைந்தது. என் கை தன்பாட்டில் நேராக்கப் போனது, அதை இழுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். "இங்க நான் சிரிச்சேன்" என்றவள், சிரிக்காமலே நெளித்தாள். அதற்குக் கீழே கையைத் தூக்கிவிட்டாள்.

"நிறுத்து, நிறுத்து. இங்கதான் சித்தி தும்மினாங்க."

"சரி, இழு."

"நான் இழுத்தா வராதும்மா. அது பெரிய தும்மல், துணியே ஓடிருச்சு. நீ தும்மு."

கொக்கி அக்கா தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் தொண்டையைச் செருமி, "ஹச்" என்றேன்.

"அப்படி இல்ல. சித்தி மாதிரி. உடம்பெல்லாம் ஆடணும்."

"அவங்க எப்படித் தும்முவாங்கன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

என் மடியிலேயே திரும்பி உட்கார்ந்தாள். மூக்கைச் சுளித்து, கண்களை இறுக மூடி, வாயைத் திறந்து, இரண்டு தோள்களையும் காது வரைக்கும் தூக்கிக் காட்டினாள். என் மகளின் முகத்தில் அந்தப் பெண் அப்படியே வந்து உட்கார்ந்தாள். "பாத்தியா? இப்ப நீ."

ஊசி துணிக்குள் இறங்கி நின்றது. அவள் மறுபடி முன்னால் திரும்பி, உள்ளங்கைகளைத் துணியில் பரப்பி, காத்திருந்தாள். நான் காலை மிதியில் வைத்து, மூக்கைச் சுளித்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, தோள்களைத் தூக்கினேன்.