கொடியில் ஒரு மஞ்சள் பிளானல்

விஜயகுமாரி அந்தப் பிளானல் துணியை வாங்கியதே ஒரு பொய்யைச் சொல்லித்தான். குள்ளஞ்சாவடி ஜவுளிக்கடையில் "யாருக்கும்மா?" என்று கேட்டவரிடம், இஸ்திரி போடும் மேசைமேல் விரிப்பதற்கு என்றாள். ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவள் சொன்னால் யார் நம்புவார்கள்? கடைக்காரர் நல்ல மனுஷர், நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். மேசைக்குத் துணி வாங்குகிறவள் கடையை அந்தப் பாடு படுத்தவும் மாட்டாள். ஒவ்வொன்றையும் விரித்து, கட்டைவிரலால் தேய்த்து, பஞ்சு திரிகிறதா என்று பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்து இழை நெருக்கமா என்று பார்த்தாள். சிவப்பு அழகாகத்தான் இருந்தது. ஆனால் சாயம் போகும், குழந்தை எதையும் வாயில் வைக்கும். கடைசியில் இளமஞ்சளை எடுத்தாள்.

வெளியே சொல்லக்கூடாத காரியம் அது. தாராபுரத்துப் பக்கம் அவள் பிறந்த ஊரிலும் சரி, எல்லா ஜில்லாக்காரர்களும் வந்து குடியேறிய இந்த நெய்வேலி குவார்ட்டர்ஸிலும் சரி, பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று ஒரு முழத் துணி சேர்க்க மாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டிதான். அதிலும் அவளுக்கு ஏற்கனவே இரண்டு தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்திலேயே போயிற்று. இன்னொன்று பிறந்து, அழாமலே போயிற்று. இதுவும் போனால் அவள் அவசரப்பட்டுத் துணி தைத்ததால்தான் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டால் அவளே சொல்லிக்கொள்வாள். இதெல்லாம் தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. பழைய வேட்டியை நடுவில் அடுக்கி, மேலும் கீழும் பிளானல் வைத்து, ஒரு சின்ன மெத்தைப் போர்வை தைத்தே தீரவேண்டும் என்று மனசு அரித்தது.

ஆனால் புதுப் பிளானலை அப்படியே தைக்க முடியாது. நனைந்தால் சுருங்கும். எத்தனையோ வெளுப்பு கண்ட வேட்டி சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால், முதல் துவைப்பிலேயே போர்வை முண்டும் முடிச்சுமாகிவிடும். பச்சைப் பிள்ளையின் முதுகு அதில் படுவதா? அதனால் முதலில் நனைத்தாள். கல்லில் அடிக்காமல், முறுக்காமல், பக்கெட்டில் அமுக்கி அமுக்கி எடுத்தாள். இதுவரை எல்லாம் சரி. காயப்போடுவது எங்கே?

வாசல் கொடியில் போட்டால் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்டோர் ரூமில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். கார்த்திகை மாத மழை வேறு. கணவன் வேலுமணி மைன்ஸ் ஷிப்டுக்குக் கிளம்பியதும் துணியை அடுப்படிக்குக் கொண்டுவருவாள். அவனைக் கொண்டுவரும் கம்பெனி பஸ் சத்தம் கேட்டால் மறுபடி உள்ளே ஓடுவாள். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்த் தொட்டுப் பார்ப்பாள். குடித்த தண்ணீரை விடமாட்டேன் என்று அந்தத் துணி பிடிவாதம் பிடித்தது. பிறகு நாற்றம் வந்தது.

"ஊட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று சாப்பிடும்போது வேலுமணி கேட்டான்.

"மழை நாத்தமுங்க" என்றாள். அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. துணியில் பூசணம் பிடித்துவிட்டால் போகாது, எல்லாம் வீண்.

மறுநாள் நல்ல வெயில் அடித்தது. விஜயகுமாரி துணியை மறுபடி அலசினாள். இரண்டு தடவை வாசல் வரை வந்து திரும்பினாள். மூன்றாம் தடவை யோசிக்காமல் போய்க் கொடியில் போட்டுவிட்டாள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்சவல்லி அங்கே புடவை உலர்த்திக்கொண்டிருந்தாள். இந்த மண்ணிலேயே பிறந்தவள். அவள் புருஷனும் மைன்ஸில்தான் வேலை பார்க்கிறான். அவள் துணியைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

"என்னாக்கா, பொசுபொசுன்னு இருக்கற பக்கத்த வெளிய காட்டிப் போட்டுகினு இருக்கீங்க? கரித்தூள் பறந்துகினு வருது. ஒட்டிக்கினா போவாது. உள்பக்கமா மடிச்சிப் போடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லாமல் விட்டதை நினைத்து விஜயகுமாரி மத்தியானம் முழுக்க வீட்டுக்கும் கொடிக்கும் நடந்தாள். பஸ் வருவதற்குள் எடுத்துவிட நினைத்திருந்தாள். ஓரம் மட்டும் ஈரமாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவைத்ததில் பஸ்ஸும் வந்துவிட்டது.

வேலுமணி கொடியருகே வந்து நின்றுவிட்டான். தொடக் கையை நீட்டினான். விரலிடுக்கில் கிரீஸ் இருப்பதைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். விஜயகுமாரி வாசலை விட்டு இறங்கி வந்தாள்.

"எலி இதுதானா?" என்றான்.

"ஆமாங்க."

அவன் முகத்தில் கோபமா வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பயமாக இருந்தது. எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டே விட்டாள்.

"இதுவும் தங்காமப் போச்சுன்னா, இந்தத் துணியாலதான்னு சொல்லுவீங்களா?"

வேலுமணி துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன ரெண்டு வாட்டியும் நீ ஒண்ணுமே தெக்கலியே, குமாரி" என்றான்.

அவளுக்கு இது தோன்றியதே இல்லை. அம்சவல்லி பார்க்கிறாள் என்பதையும் மறந்து, கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேலுமணி தடுக்கவில்லை. பின்னால் கட்டிய கையோடு பக்கத்திலேயே நின்றான்.

"காஞ்சிருச்சான்னு பாரு. என் கையெல்லாம் கிரீஸு" என்றான்.

அவள் துணியை இழுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பொழுது இறங்குவதற்குள், வாசல் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள்.