கப்பல் அட்டை

செங்கல்வராயன் தன் ஆயுளில் அதிகம் போன தூரம் திருப்பதிதான். ஆனால் ரங்கூனில் எந்தத் தெருவில் எந்தக் கோயில் இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிற மனுஷனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குச் சாராயம். இவருக்கு ஊர்ப்படம் போட்ட பழைய தபால் அட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் பூந்தமல்லிக்குப் போய், கலீலுல்லாவின் பழைய பேப்பர் கடையில் மூட்டைகளைக் கிளறுவார். அட்டை கிடைக்காவிட்டாலும் திரும்பும்போது பிரியாணிப் பொட்டலம் உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டு மனைவி வசந்தகுமாரியோடு மேட்னி ஷோ. அவளுக்குக் கதை வேண்டும். இவருக்கு வெளியூரில் எடுத்த பாட்டு வேண்டும். கதாநாயகி கதறி அழும்போது, "பின்னால தெரியுது பாரு, அது இன்னா ஏரிமே?" என்று கேட்டு அவளிடம் முழங்கையால் இடி வாங்குவார்.

அட்டையின் எழுத்துப் பக்கத்தை அவர் படிப்பதே இல்லை. "ஊரான் ஊட்டுக் கடுதாசி நமக்கு இன்னாத்துக்கு?" என்பார். கொண்டுவந்த அன்றே மைதா பசை காய்ச்சி, படம் மேலே தெரிய ஆல்பத்தில் ஒட்டிவிடுவார்.

அந்த ஆல்பத்தில் அவருடைய உயிர் ரங்கூன் வரிசைதான். பூந்தமல்லியில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்த மூட்டையில் கிடைத்தது. அட்டைகளின் ஓரத்தில் எண் அச்சிட்டிருந்தது. ஒன்று முதல் ஆறு வரை இருந்தன, கடைசியான ஏழு இல்லை. இரண்டு வருஷம் கலீலுல்லாவை நச்சரித்து எடுத்தார். 1989 ஆவணியில் ஒரு ஞாயிறன்று, கடைக்குள் நுழையும்போதே கலீலுல்லா கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, உன் ஏழாம் நம்பர் வந்துடுச்சு! அந்த இடிச்ச ஊட்டுச் சாமி படம் ஒண்ணு மூலையில கெடந்துச்சு. கண்ணாடிய எடுக்கலாம்னு பிரேமைப் பிரிச்சா, பின்னால சொருவி வச்சிருக்காங்க."

துறைமுகத்தில் ஒரு கப்பல். மடங்கல் இல்லை, கறை இல்லை. செங்கல்வராயனுக்கு அன்று பிரியாணிகூட இரண்டாம் பட்சமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு மைதா வாங்கக் கடைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது வசந்தகுமாரி தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். வாசலுக்கு வெளியே கப்பல் நாலு துண்டாகக் கிடந்தது.

"சாவு சேதியப் படிச்சா கிழிச்சிப் போட்டுட்டுத் தலை முழுவணும். அத போயி ஊட்டுக்குள்ள எட்டாந்து வச்சிருக்கியே, உனக்கு அறிவு கீதா?"

"எவனோ எப்பவோ செத்தான்! அம்பது வருஷத்துச் சாவுக்கு நீ இன்னாத்துக்குத் தலை முழுவுற?"

"சாவு சேதிக்கு வருஷக் கணக்கு உண்டா?"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. துண்டுகளைப் பொறுக்கினார். அவற்றை உள்ளே விட மாட்டேன் என்று அவள் குறுக்கே நின்றாள். சைக்கிள் சீட்டுக்கு அடியில் செருகி வைத்தார். பிரியாணி ஆறிப்போனது. மேட்னி போகவில்லை. வாரம் முழுக்கப் பேச்சு இல்லை. சாப்பாடு தட்டுக்கு வந்தது, அதில் உப்பு வரவில்லை. அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அந்த அட்டையின் அருமை தெரியவில்லையே!

அடுத்த ஞாயிறு ஆல்பத்தை எடுத்துப் பையில் போட்டார். கலீலுல்லாவிடமே எடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு.

அடுப்படியில் இட்லி வெந்துகொண்டிருந்தது. "இரு," என்றாள் வசந்தகுமாரி. "அந்த ஆறுலயும் சாவு சேதி இருந்தா? வித்துட்டா மட்டும் தீட்டுப் போயிடுமா? நான் பாக்கணும்."

"பாத்துக்கோ."

இட்லியை எடுத்துவிட்டு, கொதிக்கிற பானையின் ஆவியில் ஆல்பத்தின் பக்கங்களைக் காட்டினார்கள். பசை இளகியது. ஒவ்வொன்றாக அவள் உரித்து உரித்துப் படித்தாள்.

'தாயம்மாவுக்கு சின்னசாமி எழுதிக்கொண்டது. நீ மூன்றாம் வகுப்பு படித்தது வீண் போகக் கூடாது. இதை யாரிடமும் கொடுக்காமல் நீயே படி.'

'இங்கே காலையில் இடியாப்பம் மாதிரி ஒன்றில் மீன் சாறு ஊற்றித் தருகிறார்கள். முதல் நாள் குமட்டியது. இப்போது இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறேன். உன் கருவாட்டுக் குழம்பு கோபித்துக்கொள்ள வேண்டாம்.'

'டாக்கீஸில் தமிழ்ப் பேசும் படம் வந்தது. முப்பது பாட்டு. நம் பாஷையைக் கேட்டு எல்லோரும் அழுதோம். கதை மறந்துவிட்டது.'

வசந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னாட்டமே ஒரு ஆளு," என்றாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

ஆறாவதை உரித்தாள்.

'நான் வாங்கின ஏழு அட்டையில் கப்பல் படம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை இப்போது போட மாட்டேன். புறப்படுகிற அன்று போடுவேன். கப்பலைப் பார்த்ததும் நான் வருகிறேன் என்று தெரிந்துகொள். அரிசி ஊறப் போடு.'

அவள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏழாவதுல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"அது வேற கையெழுத்து. கூடத் தங்கினவன் எழுதியிருந்தான். சின்னசாமி காய்ச்சல்ல தவறிட்டாரு, அவரு பெட்டியில எழுதாத அட்டை இது ஒண்ணுதான் இருந்துச்சு, அதனால இதுலயே எழுதறேன்னு."

இட்லிப் பானை சும்மா கொதித்துக்கொண்டிருந்தது. அவர்தான் மெல்லச் சொன்னார்.

"சாமி படத்துக்குப் பின்னால சொருவி வச்சிருந்துச்சாம்."

"சாமி படத்துக்குப் பின்னாலயா?" என்றாள் வசந்தகுமாரி. "தாயம்மாவுக்கு மட்டும் மொறை தெரியாதா? தெரிஞ்சும் கிழிக்கல. நான் அரை நிமிஷத்துல கிழிச்சிப் போட்டேனே!"

எழுந்து வெளியே போனாள். சைக்கிள் சீட்டுக்கு அடியிலிருந்து நாலு துண்டுகளையும் எடுத்து, முந்தானையில் பொத்தி, தானே வீட்டுக்குள் கொண்டுவந்தாள். போன வாரம் வாங்கின மைதா அப்படியே இருந்தது. பசை காய்ச்சினாள்.

மற்ற ஆறையும் இனி ஒட்ட வேண்டாம், எழுத்தும் தெரிகிற மாதிரி செருகி வைக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஏழாவதைத் தாளில் ஒட்டினால்தான் துண்டுகள் நிற்கும். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று அவர் கேட்டார்.

"கப்பல்தான்," என்றாள் வசந்தகுமாரி. "மொதல்ல அவ அதத்தான் பாத்திருப்பா."